ஒரே கட்டியாக வந்த சமையலறை

என் தம்பியை மரவேலைக்காரர்கள் மில்லி என்றுதான் சொல்வார்கள். முகத்துக்கு நேரே "மில்லி சார்". அவன் அந்தப்பக்கம் போனதும் வெறும் மில்லி. அலமாரிக் கதவு ஒரு மில்லிமீட்டர் தள்ளி நின்றாலும் அவனுக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. நாம் மூக்கை ஒட்டி வைத்துப் பார்த்தாலும் தெரியாத கோணலை அவன் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே பார்த்துவிடுவான்.

சின்ன வயதிலும் அப்படித்தான். அம்மா ஒரு ரொட்டியை எங்கள் இருவருக்கும் பிய்த்துக் கொடுத்தால் முதலில் என் கையைத்தான் பார்ப்பான், அப்புறம்தான் தன் கையை. அவனுடையது பெரிதாக இருந்தாலும் என்னுடையதைப் பார்த்து ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுத்தான் வாயில் போடுவான். அடுத்த வீட்டுப் பையனுக்குக் காய்ச்சல் வந்து எல்லோரும் போய்ப் பார்த்தபோது, தனக்குக் காய்ச்சல் வரவில்லையே என்று அழுதவன் அவன். இதைக் கெட்ட குணம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. உடம்பில் மச்சம் வருவது போல அவனோடு கூடவே வந்தது.

சமையலறை அலமாரிகளைக் கம்ப்யூட்டரில் வரைவதுதான் அவன் தொழில். வீடு கட்டுகிறவர்கள் கூப்பிடுவார்கள். டேப்பை எடுத்துக்கொண்டு போய்ச் சுவரை அளப்பான். எந்தச் சுவரும் நேராக இருக்காது. கட்டினவனை மனதுக்குள் திட்டிக்கொண்டே வீட்டுக்கு வந்து, பலகை பலகையாக, ஆணி ஆணியாக அந்தச் சமையலறையைத் திரையில் எழுப்புவான். அவன் வரைந்த அளவுக்கு மேஸ்திரி பலகை அறுத்தால் ஒரு துண்டுகூட வீணாகாது. கதவு மூடும்போது மூச்சு விடுவது போல ஒரு சத்தம்தான் கேட்கும்.

எங்கள் வீட்டில் அடுப்படிக்கு அடுத்த அறைதான் அவன் ஆபீஸ். நடுவில் கதவு கிடையாது, ஒரு திரைச்சீலைதான். அங்கே பேசுகிறது எல்லாம் எனக்கு இங்கே கேட்கும். அந்த அறையில் இரண்டு மேசைகள். ஜன்னலோரம் இருப்பது தம்பியுடையது. சுவரோரம் இருப்பது அவன் மனைவியுடையது.

அவள் கல்யாணத்துக்கு முன்னால் ஒரு போட்டோ ஸ்டூடியோவில் வேலை பார்த்தவள். விளக்கை எங்கே நிறுத்தினால் முகம் பளிச்சென்று வரும், எங்கே நிறுத்தினால் கண்ணுக்குக் கீழே பை தொங்கும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. வந்த புதிதில் தம்பியின் வேலையில் அவள் தலையிட்டதே இல்லை. ஒரு நாள் வீடு கட்டுகிற ஒரு பெரியவர் வந்து, தம்பியின் வரைபடத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, "தம்பி, ஒண்ணும் வெளங்கலியே, எலிப்பொறி மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். தம்பி அன்றைக்கு யாரோடும் பேசவில்லை. அவள்தான் எதுவும் சொல்லாமல் உட்கார்ந்து, வீடியோ பார்த்துப் பார்த்து, அந்த எலிப்பொறிக்கு மரமும் கல்லும் போர்த்தி, ஜன்னல் வழியாக வெயிலை உள்ளே விட்டு, கட்டி முடித்த அறையில் நின்று போட்டோ பிடித்தது போல ஒரு படம் ஆக்கினாள். அதற்கு ரெண்டரிங் என்று பெயராம். பெரியவர் படத்தைப் பார்த்தார். "இதுதாம்ப்பா நான் கேட்டது" என்றார். வேலை கிடைத்தது.

வினையும் அங்கேதான் தொடங்கியது.

அதற்குப் பிறகு யார் வந்தாலும் முதல் கேள்வி, "படம் யாரு போட்டது?" என்பதுதான். அளவு யார் எடுத்தது என்று ஒருவர்கூடக் கேட்டதில்லை. மேஸ்திரி வாய்த்துடுக்கு உள்ளவர், நல்ல மனுஷர். அவளுக்கு வெயில் அக்கா என்று பெயர் வைத்ததே அவர்தான். ஒரு நாள் தேநீர் குடித்துக்கொண்டே சொன்னார்:

"பெரியக்கா, நம்ம சார் வரைஞ்சா அது அலமாரி. வெயில் அக்கா கை வெச்சா அது வீடு."

தம்பி சிரித்தான். நானும் பார்த்தேன், வாய்தான் சிரித்தது. மேஸ்திரி போன பிறகு, அவர் குடித்த டம்ளர் மேசை விளிம்புக்கு நேராக இல்லை என்று அதை நகர்த்தி நகர்த்தி வைத்துக்கொண்டிருந்தான்.

இப்படி உள்ளுக்குள்ளேயே புகைந்துகொண்டிருந்தது, அவள் படம் போடுகிற பழைய மென்பொருள் நின்றுபோன பிறகு வெளியே வந்தது.

அவள் படம் போட்டுக்கொண்டிருந்தது இலவசமாகக் கிடைத்த ஒன்று. தம்பி வரைகிற மென்பொருள் புதுசாக மாறியதும், இவன் கோப்புகளை அது திறக்க மாட்டேன் என்றுவிட்டது. இனி ஒன்று வாங்கியே ஆக வேண்டும். வருடா வருடம் சந்தா கட்டுகிற சாமான் அது. ஒன்றுக்குத்தான் எங்களால் முடியும். எது என்பதுதான் பேச்சு.

திரைச்சீலைக்கு இந்தப் பக்கம் காய் நறுக்கிக்கொண்டே கேட்டதில் எனக்குப் புரிந்தவரை சொல்கிறேன். ஒன்று, தம்பி வரைகிற மென்பொருளுக்கு உள்ளேயே போய் உட்கார்ந்துகொள்வது. அவன் வரைய வரையப் பக்கத்தில் படம் ஓடும். கதவின் நிறத்தை மாற்றினால் கண்ணை மூடித் திறப்பதற்குள் படத்திலும் மாறிவிடும். அடுப்பில் கொதிக்கும்போதே உப்புப் பார்க்கிற மாதிரி. இன்னொன்று, தனியாக நிற்பது. வரைந்து முடித்ததை அங்கே அனுப்ப வேண்டும். ஒவ்வொரு பாகத்துக்கும் இது மரம், இது கல், இது கண்ணாடி என்று தோல் போர்த்த வேண்டும். வெயிலைக் கொண்டுவந்து வைக்க வேண்டும். படம் முதலில் மணல் தூவினது போலப் பொடிப்பொடியாக வரும். மெல்ல மெல்லத்தான் தெளியும். ஆனால் தெளிந்த பிறகு அந்த மேடையில் டம்ளரை வைக்கலாம் போலத் தோன்றும்.

தம்பிக்கு உள்ளே உட்காருவதுதான் வேண்டும். அவளுக்குத் தனியாக நிற்பது.

"இது போதும்மா" என்றான் தம்பி. "நான் வரையறப்பவே படம் வந்துடுது. அனுப்பறது, காத்துக்கிட்டு இருக்கறது எதுவும் கெடையாது. வேற ஆளே வேண்டாம்."

அவள் ஈரத்துணியால் தன் மேசையின் திரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தாள்.

"வேற ஆள்னா யாருங்க?"

"நான் பொதுவாச் சொன்னேன்."

"இந்த ரூம்ல உங்களை விட்டா பொதுவா இருக்கறது நான் ஒருத்திதான்."

நான் கத்தியைக் கீழே வைத்துவிட்டேன். அவன் சொன்னது மென்பொருளைப் பற்றி இல்லை என்பது எனக்கே விளங்கிவிட்டது. உள்ளே உட்காருவதை வாங்கினால் சுவரோர மேசைக்கு வேலை இல்லை. அதில் மடித்த துணியை அடுக்கலாம். அவளுக்கு அந்த மேசை என்ன என்பது எனக்குத் தெரியும். அடுப்படி வேலையை முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டு அந்த நாற்காலியில் உட்காரும்போது அவள் முதுகு தானாக நிமிர்வதை நான் தினமும் பார்க்கிறேன்.

அவள் சண்டை போடவில்லை. யோசனை ஒன்று சொன்னாள். "பல் டாக்டரம்மா சமையலறை இருக்கே, அதை ரெண்டுலயும் போடுவோம். ரெண்டுமே கொஞ்ச நாளைக்குச் சும்மா ஓட்டிப் பார்க்கத் தர்றாங்க. உள்ள உட்கார்றதுல நீங்க போடுங்க. தனியா நிக்கறதுல நான் போடறேன். டாக்டரம்மா எந்தப் படத்தைப் பார்த்து சரின்னு சொல்றாங்களோ, அதை வாங்கிக்கலாம்."

"பேச்சு மாற மாட்டியே?"

"நானா மாறுவேன்?"

"நான் மட்டும் மாறுவேனா?" என்று கேட்டான் தம்பி. திரைச்சீலைக்கு இந்தப் பக்கம் நான் ஆண்டவனை நினைத்துக்கொண்டேன்.

பல் டாக்டரம்மா எங்கள் வீட்டிலிருந்து கொஞ்ச தூரத்தில் புது வீடு கட்டிக்கொண்டிருந்தார். தம்பி அந்தச் சமையலறையை வரைந்து முடித்தான். முடித்ததை அவள் மேசைக்கு அனுப்ப வேண்டும். அப்படி அனுப்பும்போது கம்ப்யூட்டர் ஒரு கேள்வி கேட்குமாம்: பாகங்களைத் தனித்தனியாக அனுப்பவா, எல்லாவற்றையும் ஒன்றாக ஒட்டி அனுப்பவா? சின்னதாக ஒரு கட்டம். அதில் டிக் போட்டால் ஒட்டிக்கொண்டு போகும். போடாவிட்டால் கதவு கதவாக, கைப்பிடி கைப்பிடியாகப் போகும். எப்போதும் தம்பி டிக் போடாமல்தான் அனுப்புவான். இந்த முறை போட்டான். எனக்கு இது பிற்பாடு தெரிந்த விஷயம். ஆனால் இங்கே சொல்லாவிட்டால் உங்களுக்குக் கதை புரியாது.

மறுநாள் காலை அவள் தன் மேசையில் அதைத் திறந்தாள். கைப்பிடியைத் தொட்டால் சமையலறை மொத்தமும் மின்னுகிறது. குழாயைத் தொட்டாலும் மொத்தமும் மின்னுகிறது. சோப்புக் கட்டியில் செதுக்கினது போல எல்லாம் ஒரே கட்டி. மேடைக்குக் கல் போட்டால் கதவும் கல், குழாயும் கல். மரம் போட்டால் பாத்திரம் கழுவுகிற தொட்டியும் மரம்.

"என்னங்க, எல்லாம் ஒட்டிக்கிட்டு வந்திருக்கே."

தம்பி தன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "உன் சாஃப்ட்வேருக்குப் பிரிச்சுப் பார்க்கத் தெரியலையோ என்னவோ. அதுக்குத்தான் நான் சொன்னேன், என்னோடதுல இந்தத் தொந்தரவே கெடையாது."

அவள் அவன் முதுகைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். நான் தேநீர் கொண்டுபோயிருந்தேன். அந்தப் பார்வையை நான் பார்த்தேன். கோபம் இல்லை அதில். குழந்தை பொய் சொல்லும்போது தாய் பார்க்கிற மாதிரி இருந்தது.

"திரும்ப அனுப்புறீங்களா?"

"எனக்கு என் படத்தை முடிக்கணும்மா. டாக்டரம்மா நாளைக்கு வந்துடுவாங்க."

"சரிங்க" என்றாள். போய் உட்கார்ந்தாள். அப்புறம் டாக்டரம்மாவுக்குப் போன் போட்டு, புது வீட்டில் சமையலறை ஜன்னல் எந்தப் பக்கம் பார்க்கிறது, அவர் எத்தனை மணிக்கு அடுப்படியில் நிற்பார் என்று கேட்டுக்கொண்டாள். வேறு எதுவும் கேட்கவில்லை.

தம்பி அன்று ஒரே உற்சாகம். உள்ளே உட்காரும் மென்பொருளில் அழகுச் சாமான்கள் கொட்டிக் கிடந்தனவாம், இழுத்துப் போட வேண்டியதுதான். கதவுக்கு ரத்தச் சிவப்பு. மேடைக்குப் பளபளவென்று கறுப்புக் கல். மேலே தொங்கும் விளக்கு, அதற்குப் பக்கத்தில் இன்னொரு தொங்கும் விளக்கு. பூ ஜாடி. தட்டு நிறைய ஆப்பிள். ஒரு பூனை.

"அக்கா, வந்து பாரேன்" என்று கூப்பிட்டான். அவன் என்னைக் கூப்பிட்டு ஒன்றைக் காட்டி எத்தனையோ நாளாகியிருந்தது. சந்தோஷமாகத்தான் போனேன்.

"பூனை எதுக்குடா?"

"சும்மா கெடைச்சது அக்கா."

"அடுப்பு மேல ஏறிடாதா?"

"அது வெறும் படம் அக்கா!"

அன்று சாயங்காலம் பிரார்த்தனை செய்யும்போது நான் வேறு ஒன்றும் கேட்கவில்லை. ஆண்டவனே, இவன் நெஞ்சுக்குள் இருக்கிற புகைச்சலை எடுத்துவிடு, அது அவனையும் எரிக்கிறது, அந்தப் பெண்ணையும் எரிக்கிறது என்று மட்டும் கேட்டேன்.

டாக்டரம்மா மறுநாள் வேலை முடிந்த கையோடு வந்தார். முகத்தில் அன்றைக்கு முழுவதும் குனிந்து குனிந்து நின்ற களைப்பு. மேஸ்திரியும் வந்திருந்தார். முதலில் தம்பி தன்னுடையதைக் காட்டினான். மவுஸை அசைக்க அசைக்கச் சமையலறை சுற்றியது. கதவு திறந்தது, மூடியது. அது ஒரு வித்தைதான், குறை சொல்ல மாட்டேன். டாக்டரம்மா நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நல்லா இருக்கு சார். கொஞ்சம் மெதுவாச் சுத்துங்க, தலை சுத்துது."

"என்ன நிறம் வேணும்னாலும் இப்பவே மாத்திக் காட்டுவேன் டாக்டர்."

"இந்த ஆப்பிள் எல்லாம் யாரு சாப்பிடறது?"

மேஸ்திரி இருமுவது போலச் சிரித்தார். தம்பி ஆப்பிளை அழித்தான்.

அப்புறம் அவள் தன்னுடையதைத் திறந்தாள். அதில் ஒரு நிறமும் இல்லை. கதவு வெள்ளை, மேடை வெள்ளை, கைப்பிடி வெள்ளை, குழாய்கூட வெள்ளை. ஒட்டிப்போன கட்டிக்கு ஒரே தோல்தான் போர்த்த முடியும், வெள்ளையைப் போர்த்திவிட்டாள். மற்றதை எல்லாம் வெயில் செய்திருந்தது. காலை வெயில், ஜன்னல் வழியே சாய்வாக வந்து, மேடையின் மேல் விழுந்து, விளிம்பில் வழிந்து கீழ்க் கதவுகளில் இறங்கியது. கதவுக்கும் கதவுக்கும் நடுவில் இருக்கிற இடுக்கு ஒவ்வொன்றும் பென்சிலால் கிழித்தது போல ஒரு நிழல். அவ்வளவுதான் படம்.

டாக்டரம்மா நாற்காலியிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"ஏம்மா, இதுக்கு நிறமே போடலியே?" என்று கேட்டார்.

இப்போது அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், தம்பி மானம் கப்பல் ஏறிவிடும். அவன் மேசையில் கிடந்த டேப்பை எடுத்து இழுப்பதும் விடுவதுமாக இருந்தான்.

"நிறம் உங்க இஷ்டம் டாக்டர்" என்றாள் அவள். "வெளிச்சம் எப்படி வரும்னு மட்டும் காட்டலாம்னு நெனச்சேன். அளவு எல்லாம் அவரோடது."

"எனக்கு இதுதான் வேணும்" என்றார் டாக்டரம்மா. "காலையில இருந்து ராத்திரி வரைக்கும் நான் செவப்பாத்தாம்மா பார்க்கறேன். நாக்கு செவப்பு, ஈறு செவப்பு. வீட்டுக்கு வந்தும் செவப்புக் கதவைத் தொறக்கணுமா? இப்படியே பண்ணிக் குடுங்க. கைப்பிடியும் இதே மாதிரி."

"கைப்பிடியும் வெள்ளையா டாக்டர்?" என்றார் மேஸ்திரி.

"குழாயும்."

"வெள்ளைக் குழாய்க்கு நான் எங்கே போவேன்?" என்று மேஸ்திரி மேலே பார்த்தார், அங்கே யாரோ குழாய்க்கடை வைத்திருப்பது போல.

அவர்கள் போய்விட்டார்கள். என் தம்பி தன் பொறாமையால் ஒரு குழி வெட்டி, அதில் அவளைத் தள்ளிவிட, அவள் அந்தக் குழியிலேயே பூச்செடி நட்டுவிட்டாள். அவன் என்னதான் செய்வான்? வெட்கப்படுவான் என்று நான் எதிர்பார்த்தேன். பாவி, வாதம் பண்ணினான்.

"அந்தம்மாவுக்குப் பிடிச்சது வெள்ளை. சாஃப்ட்வேர் இல்ல. அந்த வெள்ளையை நான் என்னோடதுலயும் போடலாம்."

"போடலாம்" என்றாள் அவள்.

"அதனால இதை வெச்சு முடிவு பண்ண முடியாது."

"பேச்சு மாற மாட்டேன்னீங்களே."

"இது பேச்சு மாறறதா? யோசிச்சுச் சொல்றேன்."

அவள் தன் மேசைத் திரையை அணைத்தாள். அதன் மேல் துணியைப் போர்த்தினாள். "சரிங்க. உங்களோடதையே வாங்கிக்குங்க. எனக்கும் ஒண்ணு சொல்ல வேண்டியிருக்கு. கண்ணாடிக்காரர் என்னைக் கேட்டிருக்காரு."

கண்ணாடிக்காரர் என்பது அடுத்த தெருவில் இதே தொழில் செய்கிறவர். எந்த அலமாரி செய்தாலும் அதில் ஒரு கண்ணாடியைப் பதித்துவிடுவார், அதனால் அந்தப் பெயர். தம்பிக்கு அவர் பேரைக் கேட்டாலே ஆகாது. அவர் டேப் பிடித்து அளந்ததை யாரும் பார்த்ததில்லை என்பான். கால் அடியால் அளப்பாராம், அதுவும் செருப்போடு.

"என்ன கேட்டான்?"

"அவர் வேலைக்கெல்லாம் நான் படம் போட்டுத் தரணுமாம். அவர்கிட்ட தனியா நிக்கறது இருக்கு. மேசையும் இருக்கு. மேஸ்திரி வழியாச் சொல்லி அனுப்பினாரு. போன வாரமே. நான்தான் பதில் சொல்லாம இருந்தேன்."

தம்பி எழுந்து நின்றுவிட்டான். இதுநாள்வரை அவளைப் பார்த்துப் புகைந்துகொண்டிருந்தவன், அந்த நிமிஷத்தில் அப்படியே அடுத்த தெருவைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான்.

"அவன் செய்யற கதவு மூடாது. தெரியுமா உனக்கு?"

"படத்துல மூடியிருக்கும்ங்க."

"மூடாத கதவுக்கு நீ வெயில் போடுவியா?"

"கதவு யாரோடதுன்னு வெயில் பார்க்குமா?"

"அவன் அந்தப் படத்தைச் சட்டம் போட்டுக் கடையில மாட்டுவான்! எல்லாரும் வந்து பார்ப்பாங்க. ஆகா கண்ணாடிக்காரரே, என்னமா வேலை பண்றீங்கம்பாங்க. அவன் பல்லைக் காட்டிக்கிட்டு நிப்பான்!"

"உங்களுக்குத்தான் வேற ஆளே வேண்டாமே."

அவன் என்னைப் பார்த்துத் திரும்பினான். "அக்கா, நீ சொல்லேன்."

"நான் என்னடா சொல்றது? ரொட்டியில அவ பங்கு பெருசா இருக்குன்னு பெருமூச்சு விட்டுக்கிட்டிருந்தே. இப்ப அந்த ரொட்டியே அடுத்த தெருவுக்குப் போகுது. உனக்கு எது பரவாயில்லை, நீயே சொல்லு."

அதற்கு மேல் நான் பேச வேண்டியிருக்கவில்லை. அவள்தான் அவனுக்கு எதிரே வந்து நின்று, குரலை உயர்த்தாமல் சொன்னாள்:

"ஒட்டி அனுப்பறதுக்குக் கட்டத்துல டிக் போடணும்ங்க. அது தானா விழாது. திறந்ததுமே எனக்குத் தெரியும். டாக்டரம்மா கேட்டப்பவும் தெரியும்."

தம்பி தரையைப் பார்த்தான். ஓடுகள் நேராகத்தான் பதிந்திருந்தன; அதில் அவனுக்குப் பிழை எதுவும் கிடைக்கவில்லை.

"பின்னே ஏன் நீ சொல்லலை?"

"அளவு எல்லாம் அவரோடதுன்னு சொன்னேனே. காதுல விழலையா? இடுக்கு ஒவ்வொண்ணும் ஒரே மாதிரி இருந்ததாலதான் நிழல் அப்படிக் கோடு போட்டுச்சு. கண்ணாடிக்காரர் வரைஞ்சிருந்தா அந்த வெள்ளையில ஒவ்வொரு கோணலும் பல்லிளிச்சிருக்கும். எனக்கு அது தெரியும். உங்களுக்குத்தான் தெரியலை."

அவன் ஜன்னலோர மேசைக்குப் போனான். உட்கார்ந்தான். மவுஸ் சத்தம் கேட்டது. நான் அடுப்படிக்குத் திரும்பிவிட்டேன். புருஷன் பெண்டாட்டிக்கு நடுவில் இவ்வளவு நேரம் நின்றதே அதிகம். சாதம் வடித்து முடிக்கிற நேரத்தில் அவன் குரல் கேட்டது.

"அனுப்பிட்டேன். திறந்து பாரு."

நாற்காலி நகர்ந்தது. போர்த்திய துணியை எடுக்கிற சத்தம்.

"தனித்தனியா வந்திருக்கு" என்றாள்.

"பேரும் போட்டிருக்கேன். மேல் கதவு, கீழ்க் கதவு, கைப்பிடி எல்லாத்துக்கும். நீ தேட வேண்டாம்."

"குழாய்க்குக்கூடப் போட்டிருக்கீங்க."

"அந்த வெள்ளைக் குழாயை மேஸ்திரி எங்க போய்ப் பிடிப்பாரோ தெரியலை." பிறகு, "தனியா நிக்கறதையே வாங்கிடலாம்" என்றான். "ஆனா கண்ணாடிக்காரனுக்கு இன்னைக்கே போன் பண்ணிச் சொல்லிடு. இன்னைக்கே. நான் பக்கத்துல நிப்பேன்."

"நீங்க எனக்கு அனுப்பறப்ப நானும் பக்கத்துல நிப்பேன்" என்றாள் அவள். "கட்டத்தைப் பார்க்கறதுக்கு."

"நில்லு, நில்லு."

நான் ஆண்டவனிடம் அந்தப் புகைச்சலை எடுத்துவிடச் சொல்லித்தான் கேட்டிருந்தேன். அவன் எடுக்கவில்லை. காற்றை மட்டும் திருப்பிவிட்டான். அதுவும் போதும் என்று அன்றைக்குக் கையெடுத்துக் கும்பிட்டேன்.

டாக்டரம்மாவின் சமையலறை முடிந்தது. குழாய் எங்கோ கிடைத்தது. எங்கே என்று மேஸ்திரி சொல்ல மாட்டேன் என்கிறார், சொன்னால் கண்ணாடிக்காரர் போய் வாங்கிவிடுவாராம். காலை வெயில் மேடையில் விழுந்தபோது டாக்டரம்மா ஒரு போட்டோ எடுத்து அனுப்பினார். அவளுடைய படத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எது வீடு, எது கம்ப்யூட்டர் என்று எனக்குத் தெரியவில்லை. "பாரு, சாய்வுகூட மாறலை" என்றாள் அவள். "சுவர் அளவு சரியா இருந்தா வெயில் ஏன் மாறும்?" என்றான் அவன். அதில் பெருமையும் இருந்தது, கொஞ்சம் பழைய புகையும் இருந்தது.

இப்போது அவர்கள் வெளியே அனுப்புகிற ஒவ்வொரு படத்தின் மூலையிலும் இரண்டு வரி இருக்கும். அவள் யோசனைதான். மேல் வரியில் "அளவு: மில்லி." கீழ் வரியில் "வெளிச்சம்: வெயில்." அவன் பெயர் மேலே வர வேண்டும் என்று அவன் வாய் திறப்பதற்கு முன்னாலேயே அவள் மேலே போட்டுவிட்டாள். அதனால் அவனுக்குக் கேட்பதற்கு ஒன்றும் இல்லாமல் போய்விட்டது என்று நான் நிம்மதியாக இருந்தேன்.

நேற்று மத்தியானம் அச்சடித்த ஒரு படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு அடுப்படிக்கு வந்தான். இன்னொரு கையில் ஸ்கேல்.

"அக்கா, இங்க பாரு. நான் சும்மா சொல்றேன்னு நெனைக்காத. அளந்தே பார்த்துட்டேன்."

"என்னடா?"

"அவ வரி எழுத்து என் வரியை விட ஒரு மில்லி உயரம்."

திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் அவள் சிரிக்கிற சத்தம் கேட்டது. வேண்டுமென்றேதான் அப்படிப் போட்டிருக்கிறாள்.